திருவிழா நாடகத்தைப் பதிவு செய்யலாம், பரப்பலாமா?

திண்டுக்கல் மாவட்டத்தின் கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் நடக்கிறது என்றால், மேடைக்கு முன்னால் கைப்பேசிகளும் உயர்ந்து நிற்கும். பபூனும் டான்ஸ் நடிகையும் போடும் தர்க்கம் விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் சுற்றும். அடுத்த நாள் ஏதோ ஒரு யூடியூப் சேனலில் விளம்பரத்தோடு ஓடும். விடிய விடிய ஆடியவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

மேல்நாட்டு ராக் ரசிகர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. 1969இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வெளிவராத பாடல்கள் 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்ற திருட்டு இசைத்தட்டாகக் கடைகளுக்கு வந்தன. கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவோ 1984 முதல் தன் கச்சேரிகளைப் பதிவு செய்ய வருவோருக்குத் தனி இடமே ஒதுக்கியது. பதிவுகளை ரசிகர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பது நிபந்தனை. முன்னதில் கலைஞரின் சம்மதம் இல்லை, பின்னதில் இருந்தது. நம் சட்டமும் அந்தச் சம்மதத்தைத்தான் கேட்கிறது.

யாருக்கு உரிமை?

பதிப்புரிமைச் சட்டம், 1957இன் கணக்கில் பாடகர், நடிகர், ஆட்டக்காரர் மட்டுமல்ல, வித்தைக்காரரும் பாம்பாட்டியும்கூட 'நிகழ்த்துநர்'தான். நிகழ்ச்சியைப் பதிவு செய்ய, நகலெடுக்க, இணையத்தில் ஏற்ற அவர்கள் அனுமதி வேண்டும். இந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும்.

எது தவறில்லை?

நீங்கள் மட்டும் பார்க்க, கேட்கப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது 39ஆம் பிரிவு. கற்பிக்கவும் ஆராயவும் பதிவு செய்யலாம். செய்திக்கும் விமர்சனத்துக்கும் சிறு பகுதியை எடுத்தாளலாம்.

எங்கே சிக்கல்?

அதே பதிவைச் சேனலில் ஏற்றினாலோ, மெமரி கார்டில் ஏற்றி விற்றாலோ அது உரிமை மீறல். தெரிந்தே செய்தால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது உரிமையாக ஜாமீன் கோர முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "நான் காசு வாங்கலையே" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம். மீறலை இல்லையென்று ஆக்காது.

கலைஞர்கள் என்ன செய்யலாம்?

* அச்சாரம் வாங்கும்போதே பதிவு செய்யலாமா, யார் வெளியிடுவது, வருமானத்தில் பங்கு என்ன என்று எழுதி வாங்குங்கள்.
* அனுமதியின்றி வெளியான பதிவின் இணைப்பு, தேதி, திரைப்பிடிப்பு ஆகியவற்றைச் சேமித்து, அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். விதிப்படி 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு பெற வேண்டும்.
* இழப்பீட்டு வழக்குக்கு எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இந்த வட்டாரத்தவர் என்றால் திண்டுக்கல்லிலேயே தொடுக்கலாம்.
* பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்ட உதவி இலவசம். அழைக்க: 15100.

விழாக் குழுவினருக்கும் இதில் பங்கு உண்டு. நாடகம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் கலைஞர்களின் நிபந்தனையை ஒருமுறை அறிவித்துவிட்டால், பாதிச் சிக்கல் மேடையடியிலேயே தீர்ந்துவிடும்.