உப்புக்காற்றும் ஒளிமூடியும்

நெடுங்காலம் அலுமாரியில் கிடந்த படச்சுருள் கமரா ஒன்றை மட்டக்களப்பின் கிரானில் ஒருவர் எடுத்து அழுத்திப் பார்க்கையில் அது இயங்க மறுத்தால், உள்ளே ஏதோ முறிந்துவிட்டதென்றே அவர் எண்ணுவார். திறந்து பார்த்தால் சுருள்வில் வலுவோடு இருக்கும். பற்சக்கரங்கள் தேயாமல் இருக்கும். வில்லையும் தெளிவாக இருக்கும். ஒளியைத் திறந்து மூடும் இதழ்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி அசைவற்றிருக்கும். அவற்றைப் பிணித்திருப்பது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத எண்ணெய்ப் படலமும் அதனுடன் சேர்ந்த உப்பும் ஈரமுமே. இதை அறிந்தவர் பொறுமையும் சில சிறு கருவிகளும் கொண்டு, வீட்டு மேசையிலேயே அப்பொறிக்கு மீண்டும் இயக்கம் தரலாம்.

இரட்டை வில்லைக் கமராவான யாசிக்கா மாட்டை எடுத்துக்கொள்வோம். 1957இல் வெளிவந்த இதன் கீழ்வில்லைக்குள் கொப்பல் என்னும் யப்பானிய ஒளிமூடி அமைந்துள்ளது. மெல்லிய எஃகு இதழ்கள் ஒரு வளையத்தோடு பொருத்தப்பட்டுள்ளன. வளையம் சற்றே திரும்பினால் இதழ்கள் அனைத்தும் நடுவிலிருந்து விலகும். மீண்டும் திரும்பினால் கூடும். ஒரு செக்கனின் ஐந்நூறில் ஒரு பங்கு, அதாவது 2 மில்லிசெக்கன், இதன் மிகக் குறுகிய திறப்பு நேரம். இவ்விரைவைத் தருவது சுருள்வில் மட்டுமே. அரைச் செக்கன், ஒரு செக்கன் போன்ற நீண்ட நேரங்களுக்கு வேறொரு துணை தேவைப்படுகிறது. இதழ்கள் முழுதாகத் திறந்த நிலையில் வளையத்தை ஒரு பற்சக்கரத் தொடர் பிடித்துக்கொள்கிறது. தொடரின் கடைசிச் சக்கரத்தை நங்கூர வடிவிலான சிறு தடுக்கி ஒவ்வொரு பல்லாகத் தடுத்துத் தடுத்து விடுகிறது. மணிக்கூட்டின் இந்த நுட்பத்தை ஒளிமூடிக்குள் குடியேற்றி உலகெங்கும் பரப்பியது மியூனிக் நகரின் பிரீட்ரிக் டெக்கல் தொழிலகம் 1912இல் வெளியிட்ட கொம்பூர் ஒளிமூடி. அதற்கு முன் அதே தொழிலகம் காற்றுருளையால் நேரத்தை அளந்துவந்தது. நூறாண்டு கடந்தும் இவ்வமைப்பின் அடிப்படை மாறவில்லை. மின்கலம் இல்லாமல் ஒரு செக்கனை அளந்து தரும் இச்சிறு பொறி மனித அறிவின் அரிய ஆக்கங்களுள் ஒன்றென்றே நான் கருதுகிறேன்.

இதழ்கள் உலர்ந்தே ஓடவேண்டும். எண்ணெய் அங்கே வந்தால் என்ன நிகழுமென்பதைக் கணக்கிட்டே காட்டலாம். ஓர் இதழ் 10 மில்லிமீற்றர் தொலைவை 2 மில்லிசெக்கனில் கடப்பதாகக் கொள்வோம். அதன் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 2 மைக்குரோமீற்றர் தடிப்பான எண்ணெய்ப் படலம் இருக்கிறது. எண்ணெயின் பிசுக்குமை சாதாரணப் பொறியெண்ணெயினது போல 0.1 பாசுக்கல் செக்கன். இவற்றிலிருந்து கிடைக்கும் தடைவிசை 25 நியூற்றன். இரண்டரைக் கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. விரலால் ஏற்றப்படும் நுண்ணிய வில்லால் இதை வெல்லவே முடியாது. இதழ்கள் ஊர்ந்து செல்லும், அல்லது நின்றுவிடும். எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை அதே படலத்தினூடாக இதழ்களை ஏறத்தாழ 3 நியூற்றன் விசையோடு ஒன்றையொன்று நோக்கி அழுத்துவதும் இதனுடன் சேர்கிறது. நனைந்த இரு கண்ணாடித் தகடுகளைப் பிரிக்க முயன்றவர் இதன் வலுவை அறிவார்.

இந்த எண்ணெய் வெளியிலிருந்து வந்ததன்று. தொழிலகத்தில் அச்சுகளுக்கும் வளையத்துக்கும் இட்ட மசகே பிரிந்து படர்கிறது. வெப்பம் மசகிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும். எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை குறைவாதலால் அது உலோகத்தின் மேல் தானே ஊர்ந்து பரவும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின்கீழ் இருக்கும் அலுமாரியின் உட்புறம் இதற்கு ஏற்ற களம். காலப்போக்கில் எண்ணெயின் இலேசான பகுதி ஆவியாக, எஞ்சியது வளியின் ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாகிறது. பித்தளையில் உள்ள செம்பு இந்த ஒட்சியேற்றத்தை விரைவுபடுத்துகிறது. பழைய கமராவின் பித்தளை உறுப்புகளில் காணும் பச்சை மெழுகு, மசகின் கொழுப்பமிலமும் செம்பும் கூடிப் பிறந்த சேர்வையே.

உப்பின் பங்கு இதனினும் நுட்பமானது. கிரானுக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே மாரிதோறும் நீர் ஏறும் தாழ்நிலம். அதனூடே செல்லும் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடும் நாள்களில் ஊரின் காற்றே நனைந்திருக்கும். தூய சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிறது. கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்துள்ளது. அது 33 வீதத்திலேயே கரைந்துவிடும். ஆகவே கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த துகள் எம் கரையில் எந்நாளும் முற்றாக உலர்வதில்லை. எஃகின்மேல் அது எப்போதும் ஒரு நுண்ணிய உப்புநீர்த் துளியாகவே இருந்து துருவை வளர்க்கிறது.

குறையை முதலில் இனங்காண வேண்டும். கமராவின் பின்கதவைத் திறந்து, படச்சுருள் இல்லாமல், ஒளிமூடியை ஏற்றி விடுங்கள். சொடுக்கொலி கேட்டும் இதழ்கள் திறக்கவில்லையானால் எண்ணெய் இதழ்களில் இருக்கிறது. விரைவு நேரங்கள் சரியாக இருந்து, ஒரு செக்கனில் மட்டும் திறந்தபடி நின்றால் தடுக்கித் தொடரில் பிசின் சேர்ந்திருக்கிறது. ஏற்றவோ அழுத்தவோ முடியாமல் இறுகியிருந்தால், தன்னியக்கத் தாமதி பாதிவழியில் நின்றிருக்கலாம். பழைய கருவிகளில் இது அடிக்கடி நேர்வது. எதுவாயினும் நெம்பைப் பலங்கொண்டு தள்ளக் கூடாது. பிசினை வெல்லும் விசை, அதற்குமுன் மெல்லிய நெம்பை வளைத்துவிடும்.

பலர் அடுத்துச் செய்வது எண்ணெய் விடுதல். இதுவே மீளாக் கேட்டைத் தருகிறது. நல்லெண்ணெய்க் கொழுப்பின் பெரும்பகுதி நிரம்பாதது. காற்றில் மெல்லப் பிசினாகும். தேங்காயெண்ணெய் நிரம்பிய கொழுப்பாதலால் எளிதில் பிசினாகாது. ஆயினும் சுமார் 24 பாகை செல்சியசில் உறைந்துவிடும். தை மாத அதிகாலையில் எம் வீட்டுப் போத்தல்களில் அது உறைந்திருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். தையற்பொறி எண்ணெய் இவற்றினும் தூயது. ஆனால் மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும்.

வேண்டியது கரைப்பான். சிகரெட் பற்றவைப்பான்களுக்கு விற்கும் தூய பெற்றோல் எச்சம் விடாமல் ஆவியாகும். வாகனப் பெற்றோலில் பிற சேர்மங்கள் உள்ளன, மண்ணெண்ணெய் தானே எண்ணெய்ப்படலம் விடும், இரண்டும் ஆகா. பற்றவைப்பான் பெற்றோலின் ஆவி நீரின் உறைநிலைக்குக் கீழும் தீப்பற்றக்கூடியது. சாளரங்களைத் திறந்துவைத்து, அடுப்பும் சாம்பிராணியும் நுளம்புச் சுருளும் அணைந்திருக்கையிலேயே வேலை தொடங்குக.

கீழ்வில்லையின் முன்தொகுதியை இறப்பர் வளையம் ஒன்றால் அழுத்தித் திருகினால் கழன்றுவரும். அதன் பின்னே இதழ்கள் தெரியும். யாசிக்காவில் குவிப்புக்காக வில்லைத் தட்டு முழுவதுமே நகர்வதால், இத்தொகுதியை மீண்டும் இறுதிவரை திருகினாலே குவிப்பு பிழைக்காது. மடிப்புக் கமராக்கள் பலவற்றில் முன்வில்லையே குவிப்புக்காகத் திரும்பும். அவற்றில் கழற்றுமுன் நிலையைக் குறித்துக்கொள்ளாவிடின் திருத்தியபின் எடுக்கும் படம் ஒவ்வொன்றும் மங்கலாகும்.

பஞ்சுக்குச்சியைக் கரைப்பானில் நனைத்து, பிழிந்து, இதழ்களை மெல்லத் துடையுங்கள், ஒளிமூடியை ஏற்றி விடுங்கள், மறுபடி துடையுங்கள். கரைப்பானை உள்ளே ஊற்றும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஊற்றியவுடன் இதழ்கள் துடிப்பாக ஓடும். மறுநாள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பற்சக்கரங்களின் மசகும் கரைந்து இதழ்களுக்கு வந்து, கரைப்பான் ஆவியானதும் அங்கேயே படிந்துவிடுவதுதான் காரணம். இதழ்களில் வானவில் நிறச் சாயல் சற்றும் தெரியாமல் போகும்வரை துடைத்தல் வேண்டும். தடுக்கித் தொடரிலும் பிசின் இருந்தால், நேரக் குறிப்பு வளையத்தைக் கழற்றி, அத்தொடரை ஒரே அலகாக வெளியே எடுத்துக் கரைப்பானில் அலசுக. ஒவ்வொரு படியையும் கைபேசியால் படமெடுத்து வைப்பது நன்று. கொக்கிச் சுருள்வில் எந்த முளையில் மாட்டியிருந்ததென்பது நினைவில் நிற்காது. உலர்ந்தபின் சக்கர அச்சுகளின் நுனியில் மட்டும் ஊசிமுனை தொடும் அளவு மணிக்கூட்டு எண்ணெய் போதும்.

அடுத்தது அளவீடு. செக்கனுக்கு 240 சட்டகம் எடுக்கும் கைபேசியால் இதழ்களைப் பின்புறமிருந்து பதியுங்கள். ஒரு செக்கனுக்கு 240 சட்டகமும், பதினைந்தில் ஒரு பங்குக்கு 16 சட்டகமும் ஒளி தெரியவேண்டும். 125இல் ஒரு பங்குக்கு இரண்டே சட்டகம் கிடைப்பதால் இம்முறை பயன்படாது. அங்கே ஒளியுணர் இருவாயி ஒன்றைக் கணினியின் ஒலிவாங்கித் துளையில் இணைத்தால், செக்கனுக்கு 44,100 மாதிரி பதியும் ஒலிப்பதிவில் 2 மில்லிசெக்கனும் 88 மாதிரிகளாக விரியும். ஐந்நூறில் ஒரு பங்கெனக் குறித்த நேரம் முந்நூற்றைம்பதில் ஒரு பங்காக இருந்தாலும் கவலை வேண்டாம். அரைநிலை மிகைவெளிச்சத்தை எதிர்ப்படச் சுருள் தாங்கிக்கொள்ளும்.

கடல்நீரில் மூழ்கிய கருவிக்கு இவை எவையும் போதா. இதழ்களில் துரு குழி தோண்டியிருக்கும். அவற்றை மாற்றியே ஆகவேண்டும். 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், போர்க்கால இடப்பெயர்விலும், 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் மட்டக்களப்புக் கரையின் எத்தனையோ குடும்பங்கள் தம் படத்தொகுப்புகளை இழந்தன. திருமணமும் தேர்த்திருவிழாவும் பள்ளிக்கூட வகுப்பும் பதிந்த கமராக்களுள் எஞ்சியவை சில. அவற்றைப் பழைய இரும்பென்று எறிவது எனக்குப் பொறுக்கவில்லை.

திருத்திய கமராவைத் தோலுறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைத் தேக்கிப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். இறுக மூடும் பெட்டியில் சிலிக்காக் களிப் பொதியோடு வையுங்கள்; பொதி ஈரமேறி நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுங்கள். ஒளிமூடியை ஏற்றிய நிலையில் விடக்கூடாது. மாதம் ஒருமுறையேனும் எல்லா நேரங்களிலும் இயக்குங்கள். தன்னியக்கத் தாமதியை மட்டும் தொடாமல் விடுங்கள்.