வயர்லெஸ் பின் ஸ்பீக்கர்: வாங்குமுன் சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பாருங்க

சவுண்ட்பார் வாங்கியாச்சு. அடுத்து, பின்னால் வைக்க இரண்டு வயர்லெஸ் ஸ்பீக்கர். வயரே இல்லைன்னு நினைச்சுதானே வாங்கப் போறீங்க?

ஒலிக்குத்தான் வயர் இல்லை. மின்சாரத்துக்கு உண்டு. பெரும்பாலான பின் ஸ்பீக்கர்களைப் பிளக்கில் சொருகியே ஆகணும். சிலவற்றில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் மின்சாரம் எடுக்கும்; அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் வயர் ஓடும். பேட்டரியில் இயங்குபவையும் உண்டு, சார்ஜ் போட மறக்கக்கூடாது.

வீவக வீடுகளில் பிளக் பாயிண்ட் பெரும்பாலும் டிவி பக்கச் சுவரில்தான் குவிந்திருக்கும். சோபா பக்கம் எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள்.

அடுத்தது பொருத்தம். பின் ஸ்பீக்கர் சவுண்ட்பாருடன் பேசும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சோனி பாருக்குச் சாம்சுங் ஸ்பீக்கர் சேராது. ஒரே நிறுவனமானாலும் மாடல் எண்ணைப் பார்த்துதான் வாங்கணும். சாதாரண புளூடூத் ஸ்பீக்கரை வைத்துச் சமாளிக்கலாமா? வேண்டாம். ஒலி தாமதமாக வரும்.

எங்கே வைப்பது?

டிவிக்கு நேராக உட்காருங்கள். டிவி இருக்கும் திசை 0 டிகிரி என்றால், பின் ஸ்பீக்கர்கள் இரு பக்கமும் 110 முதல் 120 டிகிரியில் இருக்கவேண்டும். அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால், காது உயரத்திலோ கொஞ்சம் மேலேயோ.

ஆனால் நம்மில் பலர் சோபாவைச் சுவரோடு ஒட்டித்தானே போட்டிருக்கிறோம்! பின்னால் இடமே இருக்காது. அப்போது சோபாவின் இரு பக்கமும் ஸ்டாண்டில் வைத்து, உங்களை நோக்கித் திருப்புங்கள். தலைக்குப் பின்னால் நெருக்கி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி எடுக்கும். பின் ஸ்பீக்கர் 1 மீட்டரிலும் சவுண்ட்பார் 3 மீட்டரிலும் இருந்தால், பின்னால் வரும் ஒலி 6 மில்லிவினாடி முந்திவிடும். செட்டிங்ஸில் தூரத்தைப் பதிவுசெய்யும் வசதி அதைச் சரிசெய்யத்தான். அளந்து போடுங்கள்.

எல்லாம் செய்தும் பின்னால் சத்தமே இல்லையா? ஸ்பீக்கரைத் திட்டுவதற்குமுன் டிவியைப் பாருங்கள். ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால், ஏஆர்சி இணைப்பு வழியே பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலி மட்டுமே போகும். 'பிட்ஸ்ட்ரீம்', 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என மாற்றுங்கள். பார்க்கும் படத்திலும் 5.1 ஒலி இருக்கவேண்டும். ஸ்டீரியோவில் மட்டும் வரும் பழைய படத்துக்குப் பின் ஸ்பீக்கர் மௌனமாக இருந்தால் அது கோளாறு அல்ல.

சத்தம் விட்டுவிட்டு வந்தால் வைஃபை ரௌட்டரைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

சோபா பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டைவீட்டார் படுக்கையறை இருக்கலாம். ஸ்பீக்கரைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவதைவிட ஸ்டாண்டில் நிறுத்துவது நல்லது. இரைச்சல் குறித்த சமூக ஆலோசனைக் குழு 2022இல் பரிந்துரைத்த அமைதி நேரம் இரவு 10 முதல் காலை 8 மணி வரை. அந்த நேரத்தில் முதலில் குறைக்கவேண்டியது பின் ஸ்பீக்கரை அல்ல, சப்வூஃபரை. சுவரையும் தரையையும் தாண்டிப் போவது அதன் அதிர்வுதான்.