ஷாக் செத்த லாரியும் ஜிர்காட்டாங் பாதையும்

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து டிக்லிப்பூர் வரை சுமார் 330 கிலோமீட்டர் நீள்கிறது அந்தமான் ட்ரங்க் ரோடு. இன்றைய தேசிய நெடுஞ்சாலை 4 இதுதான். வடக்கே சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் ஜிர்காட்டாங் சாவடியில் காத்திருந்து, கான்வாயில் சேர்ந்துதான் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்துக்குள் நுழைய முடியும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறக்குறைய 49 கிலோமீட்டருக்கு வழியில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வண்டி மக்கர் செய்தால் உதவிக்குப் பட்டறையும் இல்லை.

டயர் வெடித்தால் சத்தம் கேட்கும். பிரேக் குறைந்தால் காலுக்குத் தெரியும். ஷாக் அப்சார்பர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் சாகும். அதன் தேய்மானம் மெல்ல நடப்பதால் டிரைவரும் வண்டியின் ஆட்டத்துக்குப் பழகிவிடுகிறார்.

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. பள்ளத்தில் இறங்கி ஏறிய பட்டை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாயும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இந்த வேலை நின்றால் டயர் துள்ளும். தரையை விட்டு எழும் டயரில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. மழை ஈரம் காயாத மலைவளைவில் இது உயிர் விஷயம்.

அறிகுறிகளைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஷாக்கின் உடலில் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். நசுங்கிய உடல், வளைந்த தண்டு, கிழிந்த ரப்பர் புஷ், துருவேறிய மாட்டுமிடம் ஆகியவையும் அப்படியே. டயரில் ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருப்பதும், பிரேக் போட்டால் முன்பக்கம் அமுங்குவதும், ஒரு மேட்டைத் தாண்டிய பின்னும் கேபின் ஆடிக்கொண்டிருப்பதும் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும்.

கையால் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. குறைந்தது 15 நிமிடம் ஓட்டிய லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சில நிமிடங்களுக்குள் ஒரே அச்சின் இடது, வலது ஷாக்குகளை உறை அணிந்த கையால் தொட்டுப் பாருங்கள். உழைத்த ஷாக் சூடாக இருக்கும். சில்லென்று இருப்பது செத்துப்போனது. ஜிர்காட்டாங்கில் காத்திருக்கும் நேரம் இதற்குத் தோது. மழையில் நனைந்த ஷாக்கிடம் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. பல லாரிகளில் பின்பக்கம் ஷாக்கே கிடையாது என்பதால் முன் அச்சில் கூடுதல் கவனம் தேவை.

அமெரிக்காவில் லாரி ஷாக்குகளை 1,50,000 மைலுக்கு, அதாவது சுமார் 2,40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். அந்தக் கணக்கு சீரான நெடுஞ்சாலைக்கு உரியது. மேடுபள்ளமும் உப்புக்காற்றும் உள்ள தீவில் கிலோமீட்டரை நம்பாமல் அறிகுறியை நம்புவதே சரி. ஒரு பக்கம் போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சென்னைக்கும் தீவுக்கும் இடையே கடல்வழியில் சுமார் 1,190 கிலோமீட்டர். உதிரிபாகம் கப்பலில் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் ஒரு ஜோடியைக் கையிருப்பில் வைப்பது நல்லது.

எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். 8 ஆண்டு வரையான சரக்கு வாகனத்துக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கிறார்கள். இடையில் வண்டியைக் கவனிப்பது உரிமையாளர் பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி, ஆபத்தான குறை உள்ள வண்டியை ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளி. அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நேர்ந்து காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே டிரைவர் குறையை எழுத்தில், குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பில், உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்தே ஓட்டினால் அவரும் தப்ப முடியாது.

வாங்கிய ஷாக் போலியாகவோ பழுதாகவோ இருந்தால்? பிழைப்புக்காகச் சொந்த லாரி ஓட்டுபவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலும் மனு போடலாம். ஆதாரம் இல்லாமல் இது எதுவும் நிற்காது. பாகத்தின் எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பழுதான ஷாக்கைக் கழற்றினால், புகார் முடியும்வரை அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.