உம் பேரு என்ன, கம்ப்யூட்டரே?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை. திங்கட்கிழமை காலை. ராத்திரி போன கரண்ட் இப்போதுதான் வந்திருக்கிறது. வாசலில் லாரி நிற்கிறது, பில் போடணும். பில் ஃபைலெல்லாம் இருக்கிற சர்வரைத் தேடினால், 'அப்படி யாரும் இல்லை' என்கிறது நெட்வொர்க். முதலாளி உங்களைப் பார்க்கிறார். "இன்னாப்பா, கம்ப்யூட்டர் படிச்சேன்னு சொன்னியே?"

பதறாதீர்கள். சர்வருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பெயர்தான் மறந்துபோச்சு!

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஹோஸ்ட்நேம் என்று ஒரு பெயர் உண்டு. லினக்ஸ் மெஷின் கண் விழித்ததும் முதலில் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும். அதாவது, இ.டி.சி. டைரக்டரியில் உள்ள 'ஹோஸ்ட்நேம்' என்ற ஃபைல். அங்கே பெயர் இருந்தால் வம்பில்லை. இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும். ஐ.பி. நம்பர் தருகிற ரௌட்டர் ஒரு பெயரையும் சேர்த்துத் தந்தால் வாங்கிக்கொள்ளும். தராவிட்டால், 'இந்த நம்பர்காரன் யாருங்க?' என்று டி.என்.எஸ்.ஸைக் கேட்கும். யாரும் வாய் திறக்கவில்லையா? 'லோக்கல்ஹோஸ்ட்' என்று வைத்துக்கொள்ளும். கதவைத் தட்டுகிறவரிடம் "யாரு?" என்றால், "நான்தான்" என்பாரே, அந்த ரகம்!

1970-களில் இந்த வம்பு கிடையாது. அமெரிக்காவின் அர்ப்பாநெட் முழுவதற்கும் ஒரே பெயர்ப் பட்டியல்தான். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் குழுவினர் அதை வைத்திருந்தார்கள். கூட்டம் பெருகவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்.ஸை உருவாக்கினார்.

நம்ம பட்டறைக்கு வருவோம். கரண்ட் வந்ததும் சர்வர் சட்டென்று எழுந்துவிட்டது. ரௌட்டர் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பெயர் சொல்ல ஆளில்லை. அந்த நேரம் பார்த்து, ஃபைல்களைப் பங்கு போட்டுத் தருகிற சாம்பா புரோகிராம் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று காதில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டு நிமிஷம் கழித்து ரௌட்டர் சரியான பெயரைச் சொல்லியும் புண்ணியமில்லை. சாம்பா தொடங்கும்போது பிடித்த பெயரை விடாது. நீங்கள் போய்ப் பார்த்தால் திரையில் பெயர் சரியாகவே இருக்கும். தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

இப்போதைக்கு சாம்பாவை மட்டும் நிறுத்தித் தொடங்குங்கள், லாரி கிளம்பட்டும். சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்து, 'ஹோஸ்ட்நேம்' என்று டைப் அடியுங்கள். பழைய பெயரே வந்தால் அது சொந்தப் பெயர், கோளாறு வேறெங்கோ. 'லோக்கல்ஹோஸ்ட்' வந்தால், இத்தனை நாள் ஓடியது இரவல் பெயரில்! ஹோஸ்ட்நேம் ஃபைலில் பெயரை எழுதிவிடுங்கள். பக்கத்திலேயே இருக்கிற 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலிலும் அதே பெயர் வேண்டும். அதை விட்டுவிட்டுத் திட்டு வாங்கியவர்கள் ஏராளம்.

எழுத்து, எண், நடுவில் சின்னக் கோடு, இவ்வளவுதான் பெயரில் வரலாம். விண்டோஸ் மெஷின்களும் கூப்பிடணும் என்றால் 15 எழுத்துக்குள் முடியுங்கள். முதலாளி பெயரை இனிஷியலோடு வைத்து ஐஸ் வைக்க நினைக்காதீர்கள். புள்ளி வந்தால், அதற்கு முந்திய துண்டைத்தான் சாம்பா பெயராக எடுக்கும். அப்புறம் ஆபீஸ் முழுக்க அவரை 'எஸ்' என்றுதான் கூப்பிடும்!