மும்பையில் நம்மவர் – 14: மாட்டுங்கா மாடியில் ஒரு பந்தி

தாத்தாவுக்கு எண்பது, பேத்திக்கு முதல் சம்பளம், அமெரிக்காவிலிருந்து பேரன் வந்திருக்கிறான். காரணம் எதுவாக இருந்தாலும், "எல்லாரும் சேர்ந்து நம்ம சாப்பாடு சாப்பிடணும்" என்று மும்பையின் ஒரு தமிழ்க் குடும்பம் கிளம்பினால், வண்டி பெரும்பாலும் மாட்டுங்காவில்தான் நிற்கும்.

மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது, 1942-ல் தொடங்கிய ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். முதலில் கூப்பன் வாங்க வேண்டும். தட்டில் என்றால் அளவுச் சாப்பாடு. வாழையிலையில் என்றால் போதும் என்று நாம் சொல்லும்வரை. சாதத்துக்கு முன் பூரியோ சப்பாத்தியோ விழும். தஞ்சாவூர்ப் பாட்டிகள் அதற்கு முகம் சுளிப்பார்கள், சாம்பாரின் இலேசான தித்திப்புக்கும்தான். ஆனாலும் ரசத்தை இரண்டாம் முறை வேண்டாம் என்று சொன்ன பாட்டியை நான் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், 'நம்ம சாப்பாடு' போடத் தொடங்கிய ராம நாயக் தமிழர் அல்லர். உடுப்பிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கொங்கணிக்காரர். கிங்ஸ் சர்க்கிளில் 1940-லிருந்து இருக்கும் கஃபே மெட்ராஸும் அப்படித்தான். பெயரில் மெட்ராஸ், நடத்துவது காமத் குடும்பம்.

இது எப்படி நடந்தது? 1896-ல் பிளேக் பம்பாயை உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் அமைந்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் புதுக் குடியிருப்புகளைத் திட்டமிட்டது. சுருக்கெழுத்தும் டைப்ரைட்டிங்கும் கற்று ரயிலேறிய தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் அங்கே அறை எடுத்தார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கும் அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது. பலர் கல்யாணமாகாதவர்கள், அல்லது மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது மலிவாக, மடியாக, வயிறு நிறைய ஒரு வேளைச் சாதம். அதைத்தான் போர்டிங்குகள் போட்டன. அன்று வேறு வழியில்லாமல் சாப்பிட்டதைத்தான் இன்று பேரப்பிள்ளைகள் பரம்பரை ருசி என்று படமெடுத்துப் போடுகிறார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. கல்யாணச் சமையலைவிட மெஸ் சாப்பாடுதான் அந்தக் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது.

1966-ல் சிவசேனை பிறந்தது. தென்னிந்தியருக்கு எதிரான அந்த நாட்களில் உடுப்பி ஹோட்டல்கள்மேல் கல் விழுந்தபோது, உள்ளே இருந்தவர் பேசுவது கொங்கணியா, துளுவா, தமிழா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருமே மதராசிகள். ராம நாயக்கின் இலை தமிழருடையதாகவும் ஆனதில் அந்தக் கல்லுக்கும் ஒரு பங்குண்டு என்பது என் கணிப்பு.

ஆனால் எந்தத் தமிழருடையது? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். அவர்களின் விசேஷச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. அது வீட்டு அடுப்பில்தான். பொங்கலன்று தொண்ணூறு அடி சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்குவார்கள். மற்ற நாட்களில் விடியுமுன் தாராவி வீடுகளில் வேகும் இட்லி, சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு நகரம் முழுக்கப் போகிறது. மராத்தியரும் குஜராத்தியரும் தெருவில் நின்று வாங்கிச் சாப்பிடும் தமிழ்ச் சமையல் அதுதான். ராம நாயக், கஃபே மெட்ராஸ் போலன்றி, இதை நடத்துவதும் தமிழர்களே.

மும்பைத் தமிழர் உணவு என்று பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் வாழையிலையிலும் ஃபில்டர் காபியிலும் முடிந்துவிடுகிறது. மாட்டுங்காவோடு நிற்கும் அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். தாராவியில் பிறந்து வளர்ந்த வாசகர்கள், உங்கள் வீட்டில் விசேஷ நாளில் என்ன சமைப்பார்கள், அதை யார் யாரிடம் கற்றார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போகலாம்.