எந்த வயதில் எந்த நூல்?

"பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?" என்று பெற்றோர் பலர் நம்மை வினவுவதுண்டு. வினவியவர் அவ்வளவில் நிற்பதில்லை. "பரீட்சைக்கும் உதவக்கூடியதாக இருந்தால் நல்லது" என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுவர். முதல் வினாவுக்கு விடை கூறுதல் எளிது. அந்த நிபந்தனைதான் பிள்ளையின் வாசிப்பை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. ஆதலின் இரண்டையும் சேர்த்தே இங்கு ஆராய்வோம்.

வயதுக்கேற்ற நூல் வேண்டும் என்பது நம்மவர்க்குப் புதிய கருத்தன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் கையிற் கொடுக்கத்தக்க எளிய வசன நூல்கள் போதியனவாக இருக்கவில்லை. அவர் அச்சியந்திரம் நிறுவினார். பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி வெளியிட்டார். சிறு வாக்கியத்தில் தொடங்கி நீண்ட கட்டுரைக்கு ஏறிச்செல்லும் அந்நூல்களின் அமைப்பிலே ஓர் உண்மை புதைந்து கிடக்கின்றது. கற்பவனுடைய காலுக்கு எட்டும் உயரத்திலேயே படியை அமைக்க வேண்டும் என்பதே அது.

செவியால் வாசிக்கும் பருவம்

நான்கு வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தை கண்ணால் வாசிப்பதிலும் காதால் வாசிப்பதே அதிகம். இப்பருவத்துக்குப் பாட்டும் படமுமே உரியன. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'சிறுவர் செந்தமிழ்' ஈழத்துத் தமிழ் வீடுகள் யாவற்றிலும் இருக்கவேண்டிய நூல். ஆடிக் கூழும் கொழுக்கட்டையும், கத்தரித் தோட்டத்திலே நிற்கும் வெருளியும் அவர் பாட்டிலே வரும்போது குழந்தை தான் அறிந்த பொருளையே புதிதாகக் காண்கிறது. தமிழகத்து அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்', கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்கள் ஆகியவற்றையும் உடன் வைத்துக்கொள்ளலாம். வண்ணப் படக் கதைகளை விரும்புவோர், இந்திய தேசியப் புத்தக நிறுவனத்தார் 'நேரு பால புத்தகாலயம்' என்னும் வரிசையில் வெளியிட்ட சிறு நூல்களைத் தேடிப் பெறலாம்.

இந்நூல்களை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது; தாயோ தந்தையோ பாட்டனோ பாட்டியோ உரத்து வாசித்துக் காட்டுதல் வேண்டும். ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் சலிப்புக் காட்டலாகாது. பத்தாம் முறையிலேதான் சொற்கள் குழந்தைக்குச் சொந்தமாகின்றன.

தானே வாசிக்கும் பருவம்

எட்டு முதல் பதினொரு வயது வரையுள்ள காலமே யாவற்றிலும் முக்கியமானது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு வாசிப்பு என்பது உழைப்பு. அவ்வுழைப்பு உழைப்பென்றே தோன்றாத அளவுக்கு இலகுவாக வேண்டுமாயின், பிள்ளை நிறைய வாசிக்க வேண்டும். தன் ஆற்றலுக்குச் சற்றுக் கீழான நூல்களையும் கூச்சமின்றி வாசிக்க வேண்டும். நடை பழகும் குழந்தையை நாம் மலையேறச் சொல்வதில்லையே!

ஆனால், நம் நாட்டில் இப்பருவத்தின் நடுவிலேதான் ஐந்தாந்தரப் புலமைப் பரிசில் பரீட்சை வந்து நிற்கின்றது. பத்து வயதுப் பிள்ளை பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்புக்கு ஓடுகிறது; வகுப்பு முடிந்ததும் மாதிரி வினாத்தாளின் முன் அமர்கிறது. அது காணும் கதைகள் எல்லாம் ஒரு பந்தி நீளமே. ஒவ்வொரு பந்தியின் கீழும் ஐந்து வினாக்கள் காத்திருக்கின்றன. கதை என்றால் அதன் முடிவில் வினா வரும் என்று அஞ்சப் பழகிய பிள்ளை, பரீட்சை முடிந்தபின் கதையைத் தேடிப் போகுமா? பரிசில் பெற்ற பிள்ளையும் பெறாத பிள்ளையும் இவ்விடயத்தில் ஒரே இழப்புக்கு உள்ளாகின்றனர். உயர்தர வகுப்பிலே நல்ல புள்ளி வாங்கும் மாணவர் சிலர், பாடநூலுக்குப் புறம்பான நூல் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்ததில்லை என்று கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் அறிவுக் குறைவு இல்லை. ஒன்பது வயதில் கிடைத்திருக்க வேண்டிய இன்பம் கிடைக்காமற் போயிற்று, அவ்வளவே.

ஆகவே, பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் ஆண்டிலும் நாளொன்றுக்குக் கால் மணி நேரத்தை வினா இல்லாத வாசிப்புக்கென ஒதுக்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம். பஞ்சதந்திரக் கதைகள், ஈசாப்புக் கதைகள், தெனாலிராமன், விக்கிரமாதித்தன் ஆகியன இப்பருவத்துக்கு உகந்தவை. 1947ஆம் ஆண்டு முதல் பல தலைமுறைச் சிறுவரை மகிழ்வித்த 'அம்புலிமாமா' இப்போது வெளிவருவதில்லை எனினும், பழைய இதழ்கள் கிடைத்தால் விடவேண்டாம்.

ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' தமிழிலும் வந்துள்ளது. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியை, பழைய புகைவண்டிப் பெட்டிகளில் நடைபெறும் இன்னொரு பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்குள்ள தலைமையாசிரியர் அவள் பேச்சை நான்கு மணி நேரம் பொறுமையுடன் கேட்கிறார். போரில் எரிந்துபோன அப்பள்ளியின் கதையைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். அவர்கள் உறங்கியபின் பெற்றோரும் ஆசிரியரும் வாசிக்கட்டும்.

வீரம் தேடும் பருவம்

பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரையுள்ளோர் வீட்டுப் படலையைத் தாண்டி உலகைக் காண விழைவர். அவர்களுக்குக் கடலும் காடும் தீவும் வேண்டும். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947ஆம் ஆண்டில் சிங்களத்தில் எழுதிய 'மடொல் தூவ' தமிழிலும் கிடைக்கின்றது. குறும்புக்காரச் சிறுவன் உபாலியும் அவன் தோழன் ஜின்னாவும் வீட்டை விட்டுப் போய், ஆளில்லாத் தீவொன்றிலே பயிர்செய்து வாழும் கதை அது. அயல்வீட்டுப் பிள்ளையின் உள்ளமும் நம் பிள்ளையின் உள்ளத்தைப் போன்றதே என்பதை இத்தகைய நூல் ஒன்று உணர்த்துவதுபோல் நூறு சொற்பொழிவுகள் உணர்த்தமாட்டா.

இராஜாஜியின் 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' ஆகியவற்றால் பாரதமும் இராமாயணமும் தெளிந்த வசனத்தில் கைக்கு வரும். கல்கியை அறிமுகஞ் செய்ய விரும்புவோர் அளவிற் சிறிய 'பார்த்திபன் கனவி'ல் தொடங்குக. பிறகு ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வ'னைத் தடுத்தாலும் பிள்ளை விடாது. வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வருவதும், அநுராதபுர வீதிகளிலே நடப்பதும் நம் மாணவர்க்குத் தனி உவகை தரும். விஞ்ஞானத்தில் நாட்டமுள்ளவர்க்கு, ருஷ்ய ஆசிரியர் பெரெல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்' விருந்தாகும்.

தன்னைத் தேடும் பருவம்

பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் கேட்கும் வினா வேறு. 'நான் யார்? எதற்காகக் கற்கிறேன்?' என்பதே அது. இவர்களுக்கு அறிவுரை நூல்களைவிட வாழ்க்கைகளே பயன்படும். ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி தன் பதின்மூன்றாம் பிறந்தநாளில், 1942ஆம் ஆண்டில் பெற்ற ஏட்டிலே எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, மறைந்து வாழ நேர்ந்த ஓர் இளம் உள்ளத்தின் குரல். கிர்கீசிய எழுத்தாளர் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்', கல்வி ஒரு பெண்ணின் வாழ்வை மாற்றிய வரலாறு. இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' என்ற தொகுதி நம் ஊர் மாந்தரையும் மணல்வெளியையும் சிறுகதையாக்கிக் காட்டும். மு. வரதராசனாரின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' ஆகிய கடித நூல்கள் தெளிந்த தமிழுக்கும் தெளிந்த சிந்தனைக்கும் வழிகாட்டும்.

இவற்றுள் ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டுமாயின், உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை நாம் சுட்டுவோம். பல ஆண்டுகள் பெரும் புலவரிடம் முறையாகப் பாடங்கேட்ட இளைஞர், 1880ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாம் வயதில், கும்பகோணத்திலே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். தாம் கற்ற நூல்களை எல்லாம் அடுக்கிச் சொல்கிறார். முதலியாரோ வியப்படையவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். படித்ததில்லை. அந்த ஒரு வினாவே பழந்தமிழ் இலக்கியங்கள் பல அச்சேறுவதற்குக் காரணமாயிற்று. கற்றது போதும் என்று எண்ணும் ஒவ்வொரு மாணவனும் அப்பகுதியை வாசித்தல் நன்று.

பெற்றோர்க்கு ஒரு சொல்

"புத்தகம் விலை கூடிவிட்டதே" என்பது நியாயமான முறைப்பாடே. ஆயின், பிரதேச சபை நூலகங்களிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளிலும் புத்தகங்கள் உள. பிள்ளையை அங்கத்தவராக்கி வாரம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஈழத்து நூல்கள் பலவற்றை 'நூலகம்' நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இலவசமாக வாசிக்க வழிசெய்துள்ளனர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயிலே பறிகொடுத்த சமுதாயம் நாம். எரிந்த நூலுக்காக வருந்தும் நாம், எரியாமல் எஞ்சிய நூலை நம் பிள்ளை திறக்காதிருப்பதற்கும் வருந்த வேண்டாவா?

நூலைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். பிடிக்காத நூலைப் பாதியில் மூடிவைக்கும் உரிமையும் அதற்கு உண்டு. வாசித்து முடித்ததும், "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளாதீர்கள். "எனக்கும் தா, நானும் வாசிக்கிறேன்" என்று கையை நீட்டுங்கள். புள்ளியும் சான்றிதழும் தராத அந்த வாசிப்பு, பரீட்சைகள் யாவும் முடிந்த பின்னரும் பிள்ளையோடு கூடவே வரும்.