மருந்து கலந்த ஓடை

ஐதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது படான்செரு. தெலுங்கில் ‘செருவு’ என்றால் ஏரி. ஏரியின் பெயரைத் தாங்கிய இவ்வூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடந்த சில பத்தாண்டுகளில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகள் பெருகின. உலகின் பல நாடுகளில் நோயாளிகள் குறைந்த விலையில் உட்கொள்ளும் மாத்திரைகளுக்கு மூலப்பொருள் இங்கிருந்தே செல்கிறது. வேலைவாய்ப்பும் ஏற்றுமதி வருவாயும் வளர்ந்தன. ஆனால், இந்த வளர்ச்சியின் செலவில் ஒரு பகுதி எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. அதை ஓடைகளும் ஏரிகளும் கிணறுகளுமே சுமந்தன.

ஓடைநீரில் கண்டது என்ன?

சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைப் பெற்றுவந்த படான்செருவின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோவாகிம் லார்சனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 2007ஆம் ஆண்டு வெளியாகி, உலகின் கவனத்தை ஈர்த்தன. சுத்திகரித்து வெளியேற்றப்பட்ட நீரில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்தது. இம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட இது அதிகம். ஒரே நாளில் வெளியேறிய அம்மருந்தின் அளவு சுமார் 45 கிலோ என மதிப்பிடப்பட்டது. அன்று ஏறத்தாழ 90 லட்சம் மக்கள் வாழ்ந்த சுவீடன் முழுவதும் ஐந்து நாள்களில் பயன்படுத்தும் அளவுக்கு அது சமம். அடுத்து வந்த ஆய்வுகள், சுற்றுவட்டார ஏரிகளிலும் கிணறுகளிலும் மருந்து எச்சங்கள் இருப்பதைக் காட்டின.

சுத்திகரிப்பு ஏன் போதவில்லை?

கழிவுநீர் நிலையங்கள் பெரும்பாலும் பாக்டீரியாக்களைக் கொண்டே இயங்குகின்றன. நீரிலுள்ள கரிமப் பொருள்களை அவை உண்டு சிதைக்கின்றன. ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளோ பாக்டீரியாக்களை அழிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை. அவற்றுள் சில எளிதில் சிதையாமல் அப்படியே வெளியேறுகின்றன. வலுவற்ற பாக்டீரியாக்கள் மடிய, மருந்தைத் தாங்கும் ஆற்றல் உள்ளவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன.

தீங்கு இத்துடன் நிற்பதில்லை. பாக்டீரியாக்கள் தம் எதிர்ப்பாற்றலுக்குரிய மரபணுக்களை வேறு இனத்துப் பாக்டீரியாக்களுக்கும் கடத்த வல்லவை. ஓடைச் சேற்றில் வாழும் தீங்கற்ற கிருமியிடமிருந்து, நோய் உண்டாக்கும் கிருமி அந்த ஆற்றலைப் பெற்றுக்கொள்ளலாம். படான்செருப் பகுதி ஆற்றுப் படிவுகளில் இத்தகைய மரபணுக்கள் மிகுந்திருப்பதை 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று உறுதிசெய்தது.

எல்லை கடக்கும் தீங்கு

படான்செருப் பகுதியின் ஓடைகள் நக்கவாகு வழியாக மஞ்சிராவை அடைகின்றன. மஞ்சிரா கோதாவரியில் கலக்கிறது. நீர், கால்நடை, உணவு, பயணிகள் என எதன் வழியாகவும் எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமிகள் பரவக்கூடும். அவை பரவினால் சாதாரண சிறுநீர்த் தொற்றும் குணப்படுத்தக் கடினமாகிவிடும். அறுவை சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு ஆகிய அனைத்தும் இம்மருந்துகளை நம்பியே நடைபெறுகின்றன. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளின் நேரடி விளைவாக உயிரிழந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. மருந்தின் மிகைப் பயன்பாடே இதற்கு முதன்மைக் காரணம் எனினும், ஆலைக் கழிவும் அதற்குத் துணைபோகிறது.

தீர்வு எங்கே?

மருந்து எச்சத்தைப் பொது நிலையத்திற்கு அனுப்பும் முன்பே, ஆலைக்குள்ளேயே பிரித்து அழிப்பது முதல் வழி. நீரை ஆவியாக்கி மீட்டு, கழிவுநீரே வெளியேறாமல் தடுக்கும் முறையும் உண்டு. இவற்றுக்குச் செலவு அதிகம். ஆனால் அச்செலவைத் தவிர்த்தால், அது மருத்துவமனைக் கட்டணமாக வேறொருவர் தலையில் விழுகிறது. கழிவுநீரில் நுண்ணுயிர்க்கொல்லி எச்சங்களுக்கு வரம்பு விதிக்கும் வரைவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது; 2021இல் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென முதன்முறையாக வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

நம் பங்கும் இதில் உண்டு. மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவரின் சீட்டின்றி அதை வாங்கலாகாது. சளி, காய்ச்சல் என்றவுடன் பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும், மீந்த மாத்திரையைப் பிறருக்குக் கொடுப்பதும், கழிப்பறையில் கொட்டுவதும் தவிர்க்க வேண்டியவை. ஆலையின் கழிவுக்குழாயை நம்மால் அடைக்க இயலாது. நம் வீட்டிலிருந்து செல்லும் மருந்தை நிறுத்த இயலும். நம் குழந்தைகளுக்கு ஒருநாள் இம்மருந்துகள் தேவைப்படும். அன்றும் அவை பலன் தர வேண்டும்.